பூட்டை மாற்றிய அரசி

குந்தக்கல்
12-6-1983

மதிப்பிற்குரிய ஐயா,

என் பெயர் கோதண்டராமன். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். இங்கே ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். திருவண்ணாமலை தேரடித் தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கும் பலராமன் என் பள்ளித் தோழன். அவன் தபாலில் நடத்தும் 'வெண்கலக்கோட்டை' ஆட்டத்தில் அரசி பொற்கொடி நாச்சியாரை நடத்தி வந்தவர் சவுதிக்கு வேலைக்குப் போய்விட்டாராம். அரசியை நீ எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தான்.

அவன் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், தங்கள் ஊரில் இப்படித் தபாலிலேயே கதை ஆடுவார்கள் என்று சொல்லப்போய் பலராமன் இதைத் தொடங்கியிருக்கிறான். பல ஊர்களிலிருந்து ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு பாத்திரம். நம் பாத்திரம் என்ன பேசியது, என்ன செய்தது என்று நாம் எழுதுகிறோம். முடிவு சந்தேகமான இடங்களில் பலராமன் சோழி போட்டுத் தீர்ப்புச் சொல்கிறான். மாதக் கடைசியில் நடந்தது எல்லாம் சைக்ளோஸ்டைல் இதழாக எல்லோருக்கும் வருகிறது. நேரடித் தொடர்புள்ள இரண்டு பாத்திரங்கள் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொள்ளலாம். பாத்திரம் பேசுவது சிவப்பு மையில், நாம் பேசுவது நீல மையில். பாத்திரம் செத்தாலோ, அரசி கோட்டையை இழந்தாலோ அந்த ஆள் ஆட்டத்தை விட்டு வெளியே. இடத்துக்குக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

கொள்ளைக்காரன் கரிமுகனை நடத்துவது தாங்கள் என்று முகவரி கொடுத்தான். பழைய இதழ்களைப் படித்தேன். கரிமுகன் திட்டுகிற திட்டைப் பார்த்தால் தாங்கள் லாரி ஷெட் வைத்திருப்பவர் என்று நினைக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

(சிவப்பு மை)
அடே கரிமுகா! என் பார்வை பட்டால் கல் உருகும். என் வெள்ளைக் குதிரை மேகத்தின் மேல் நடக்கும். நீ ஒளிந்திருக்கும் குகை எனக்குத் தெரியும். நேற்று அங்கே வந்தேன். என் வாள் வீச்சில் உன் வலது கை துண்டாகி விழுந்தது. நீ அழுதாய். மன்னித்துவிட்டுத் திரும்பினேன்.

இப்படிக்கு,
கோதண்டராமன்


திருவண்ணாமலை
20-6-1983

அன்புள்ள கோதண்டராமன் அவர்களுக்கு,

நான் லாரி ஷெட் வைத்திருக்கவில்லை. என் கணவர் கைலாசநாதன் அண்ணாமலையார் கோயிலில் குருக்கள். நான் வீட்டில் இருப்பவள். கரிமுகனின் திட்டுகளைக் காய்கறி வாங்கப் போகும்போது சேகரிக்கிறேன். நம் ஊர்க் கடைத்தெருவில் அதற்குக் குறைவில்லை. என் கணவர் இரவு நடை சாத்திவிட்டு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு யாராத்துல கொள்ளை?"

விஷயத்துக்கு வருகிறேன். கரிமுகனின் வலது கையைத் திருப்பிக் கொடுக்கவும்.

நீங்கள் நேற்றே வந்து, வெட்டி, அவனை அழவைத்து, மன்னித்தும் விட்டீர்கள். எனக்கு எழுத என்ன மிச்சம் வைத்தீர்கள்? அரசி வாளை ஓங்கினாள் என்று எழுதுங்கள், அது உங்கள் உரிமை. அது விழுந்ததா, அவன் குனிந்தானா என்பதை நானும் பலராமன் சாரின் சோழியும் சொல்ல வேண்டும். கரிமுகன் அழுவான், அழமாட்டான் என்று தீர்மானிக்க அண்ணாமலையாருக்கே உரிமை கிடையாது. எனக்கு மட்டும்தான்.

இன்னொன்று. கல்லை உருக்குகிற கண்ணையும் மேகத்தில் நடக்கிற குதிரையையும் வைத்துக்கொண்டு உங்கள் அரசி எதற்காகக் காலையில் எழுந்திருக்கிறாள்? அவளுக்கு என்ன குறை? எதற்குப் பயப்படுகிறாள்? கரிமுகனுக்கு இடி என்றால் பயம். எழுதப் படிக்கத் தெரியும், ஆனால் கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்று அதை மறைத்துவைத்திருக்கிறான். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இரண்டு வருஷமாக அவனை ஓட்டுகிறேன். ஜெயித்ததைவிட மாட்டிக்கொண்டதுதான் ஜாஸ்தி. இதழில் எல்லோரும் முதலில் அவன் பக்கத்தைத்தான் தேடிப் படிக்கிறார்கள் என்று பலராமன் சார் சொல்கிறார்.

மனதில் பட்டதை எழுதிவிட்டேன். சவுதிக்காரரும் நல்ல மனிதர்தான், ஆனால் அவருடைய அரசி ஆறு மாதம் சிம்மாசனத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நீங்களாவது எழுப்புங்கள்.

திரிபுரசுந்தரி


குந்தக்கல்
3-7-1983

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பலராமனுக்கும் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம். மறுநாளும் கோபம். இங்கே அலுவலகத்தில் நான் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவன். மேலதிகாரி வேகன் கணக்கைத் தெலுங்கில் திட்டித் திருப்பிக் கொடுப்பார், நான் தமிழில் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டு மறுபடி எழுதுவேன். அரசியாக இருக்கும்போதாவது ஒருவன் கையை வெட்டலாம் என்று பார்த்தால் அதற்கும் ஆட்சேபணை.

மூன்றாம் நாள் வேறு ஒன்று நடந்தது. இங்கே ஓய்வு பெறப்போகும் ஒரு ரயில் கார்டு இருக்கிறார். நேற்று என்னிடம் ஒரு சீட்டை நீட்டி, "கண்ணாடிய ரூம்ல வெச்சிட்டேன், கொஞ்சம் படிப்பா" என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. அதைப் போட்டாலும் அவருக்குக் கண் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேசாமல் படித்துக் காட்டினேன்.

நீங்கள் கேட்டதற்கு அதில் பதில் இருக்கிறது என்று தோன்றியது. பொற்கொடிக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. யாருக்கும் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள், பார்ப்பவர்கள் அரசி சிற்பங்களை ரசிக்கிறாள் என்று நினைக்கிறார்கள். குதிரையை விற்றுவிட்டேன்.

(சிவப்பு மை)
அமைச்சரே, ஓலைகளை நானே வாசிப்பது அரசிக்கு அழகில்லை. நல்ல குரல் உள்ள ஒருவனைத் தேடிக் கொண்டுவாருங்கள். உங்கள் மருமகன் வேண்டாம். அவன் முன்பு ஒரு தடவை வாசித்தபோது மங்கல ஓலை மரண ஓலை மாதிரி இருந்தது.

கோதண்டராமன்


திருவண்ணாமலை
14-7-1983

அன்புள்ள கோதண்டராமன் அவர்களுக்கு,

குதிரையை விற்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கண் விஷயத்தைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. என் கணவருக்கும் படித்துக் காட்டினேன். "யாரோ புது ஆள் வந்துட்டான்டி" என்றார்.

கரிமுகனின் கூட்டாளிகள் பதினொரு பேர் உங்கள் கோட்டையின் பாதாளச் சிறையில் இருக்கிறார்கள். சவுதிக்காரர் அரசியாக இருந்தபோது பிடிபட்டவர்கள். அவர்களை மீட்க அவனுக்கு வடக்கு வாசல் வேண்டும். அரசி ஆள் தேடுகிறாள் என்று கேள்விப்பட்டுவிட்டான். அவன் மறைத்துவைத்திருந்த படிப்புக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

(சிவப்பு மை)
தாடியை மழித்துவிட்டு வந்து நிற்கிறான். "அடியேன் பெயர் அமுதன், தாயே. ஓலை வாசிப்பேன். சம்பளம் எவ்வளவு கொடுத்தாலும் சரி. மழைக்காலத்தில் மட்டும் உள் அறையில் உட்கார்ந்து வாசிக்க அனுமதி வேண்டும்."

(நீல மை)
இவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் அரசிக்குத் தெரியாது. இனிமேல் நம் ஆட்டமே இதுதான். தெரிந்ததைத் தெரியாத மாதிரி நடத்துவது கஷ்டம். நான் ஒருமுறை கோட்டைவிட்டு, இதழ் முழுக்க எல்லோரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

திரிபுரசுந்தரி


குந்தக்கல்
6-9-1983

அன்புள்ள அம்மா,

ஆகஸ்டு இதழ் வந்தது. அரசி வரியைக் குறைத்த ஓலையை அமுதன் வாசித்த இடத்தில் பலராமன் பக்கத்தைச் சுற்றிக் கோடு எல்லாம் போட்டு அலங்கரித்திருக்கிறான். எனக்குச் சந்தோஷம்தான்.

உங்கள் கடிதம் வந்தால் அலுவலகத்தில் தெரிந்துவிடுகிறது. பக்கத்து மேஜை வேணு நேற்று எட்டிப் பார்த்து, "இன்னா சார், பூரா செவப்பு இங்க்கு? ஆடிட்ல மாட்டிக்கினீங்களா?" என்றான். இல்லப்பா, ஒரு கொள்ளைக்காரன் எழுதியிருக்கான் என்றேன். அன்றிலிருந்து என்னிடம் மரியாதையாகப் பேசுகிறான்.

இந்த ஊரில் எனக்குத் தமிழில் வருவது இரண்டு கடிதங்கள். ஒன்று அண்ணன் எழுதும் வேர்க்கடலை விலை. மற்றது இது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், நீல மை நன்றாக ஊறிவிட்டது.

(சிவப்பு மை)
"அமுதா, நீ வாசிக்கும்போது ஒரு இடத்தில் நிறுத்தினாய். அங்கே என்ன இருக்கிறது?"
"ஒன்றுமில்லை தாயே. எறும்பு."
"ஓலையில் எறும்பா?"
"ஆமாம். கடந்து போகட்டும் என்று பார்த்தேன்."
அரசி வெகுநேரம் சிரித்தாள். எறும்புக்காக நின்ற அரச ஓலை இந்தக் கோட்டையில் இதுவரை இல்லை. பிறகு தன் கண்ணைப் பற்றி அவனிடம் சொன்னாள். அமைச்சருக்குச் சொல்லாததை அவனிடம் சொன்னாள்.

கோதண்டராமன்


திருவண்ணாமலை
8-10-1983

அன்புள்ள கோதண்டராமன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

கரிமுகன் அரசியின் இடுப்பிலிருந்த வடக்கு வாசல் சாவியை மெழுகில் அச்சு எடுத்துவிட்டான். அவள் தூங்கும்போது. பிறகு போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிட்டு வந்தான். இரண்டையும் செய்தது அவன்தான், நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

வரும் அமாவாசையில் வாசலைத் திறப்பான். பலராமன் சாருக்கு எழுதியாயிற்று. சோழி எப்படி விழும் என்று தெரியாது. அவன் பக்கம் விழுந்தால் கோட்டை போகும். கோட்டை போனால் நீங்கள் போகவேண்டும். விதி உங்களுக்குத் தெரியும். எனக்கும் இதில் சந்தோஷம் இல்லை. ஆனால் பதினொரு பேர் உள்ளே இருக்கும்போது அவன் உட்கார்ந்து ஓலை வாசித்துக்கொண்டிருந்தால் அவன் கரிமுகன் இல்லை.

அரசி அன்று என்ன செய்வாளோ அதைச் செய்யட்டும்.

திரிபுரசுந்தரி


திருவண்ணாமலை
4-11-1983

கோதண்டராமன் அவர்களுக்கு,

இதழ் வந்தது. நான்காம் பக்கம், உங்கள் வரி: 'அரசிக்கு ஏனோ மனம் சஞ்சலப்பட்டது. அன்று மாலையே கொல்லனை அழைத்து வடக்கு வாசல் பூட்டை மாற்றினாள்.'

ஏனோ!

அரசிக்குக் கரிமுகன் வந்தது தெரியாது. அச்சு எடுத்தது தெரியாது. அமாவாசை தெரியாது. இது எல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான். அவருக்கு நான்தான் நீல மையில் எழுதினேன், அவர் நாணயமானவர் என்று நம்பி. பூட்டை மாற்றியது பொற்கொடி இல்லை ஐயா, குந்தக்கல் சரக்கு எழுத்தர்.

கரிமுகன் சாவி சேராமல் வாசலில் நின்றான். காவல் வந்தது. அவன் தப்பித்துத் தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். கூட வந்த இரண்டு பேர் பிடிபட்டார்கள். இப்போது சிறையில் பதிமூன்று. அவன் தோற்றது எனக்கு வருத்தமில்லை, எத்தனையோ தடவை தோற்றிருக்கிறான். இந்த முறை அவனை யார் தோற்கடித்தார்கள் என்று அவனால் கண்டுபிடிக்கவே முடியாது. அந்த ஆள் கதையிலேயே இல்லை.

சிவப்பு மைப் புட்டியை அலமாரியில் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

தி.


குந்தக்கல்
2-12-1983

அன்புள்ள அம்மா,

முந்தைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. இது மூன்றாவது.

அரசிக்குக் கனவு வந்திருக்கலாம் அல்லவா? கண் தெரியாதவர்களுக்குக் காது கூர்மை என்பார்கள். மெழுகு வாசனை வந்திருக்கலாம். பழைய அரசிகள் எல்லோரும் சகுனம் பார்த்தவர்கள்தானே? பலராமனே அதை ஒத்துக்கொண்டுதான் அச்சிட்டான்.

இவ்வளவு எழுதியும் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

கோட்டையைக் காப்பாற்ற நினைத்தேன் என்று சொன்னால் அது சரியில்லை. கோட்டை எனக்கு எதற்கு? மாதக் கடைசியில் இதழ் வராமல், நடுவில் உங்கள் கடிதம் வராமல் இந்த ஊரில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பயந்து செய்தேன். செய்ததால் அதுவேதான் நடந்திருக்கிறது. இதழ் வருகிறது. அதில் அரசி உட்கார்ந்திருக்கிறாள். யாரும் அவளுக்கு ஓலை வாசிக்கவில்லை.

கோதண்டராமன்


கீழ்பென்னாத்தூர்
18-1-1984

அன்புள்ள அம்மா,

பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். நேற்று திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. வரத் தைரியமும் இல்லை.

முதலில் பலராமனைப் பார்த்தேன். அந்த வரியை ரத்து செய்துவிடு என்று கேட்டேன். இன்ஸ்டிட்யூட்டில் பத்துப் பெண்கள் டைப் அடித்துக்கொண்டிருக்கிற சத்தத்தில் கத்தினான்: "அதெல்லாம் முடியாதுப்பா! அச்சுல வந்துட்டா வந்ததுதான். அப்புறம் ஒவ்வொருத்தனும் நேத்து செத்தவனை எழுப்பணும்னு வந்து நிப்பான். நீ மாத்துன பூட்டு, நீயே பாத்துக்கோ."

கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள், "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

"கோதண்டராமன், அவிட்டம். குந்தக்கல்லுல ரயில்வேயில இருக்கேங்க."

தட்டு அப்படியே நின்றுவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூட்டை மாத்தினது நீங்கதானா?"

எனக்குப் பின்னால் நின்றவர், "இன்னா சார், சந்நிதியில பூட்டு ரிப்பேரா? லைன் நவுரட்டும்" என்றார். குருக்கள் அர்ச்சனையை ஒழுங்காக முடித்துத் திருநீறு கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அவ ரெண்டு மாசமா செவப்பு மைப் புட்டியத் தொடலை. ராத்திரி கரிமுகன் என்ன பண்ணினான்னு கேக்காம எனக்குச் சாதம் எறங்கமாட்டேங்கறது. நீங்க மன்னிப்பு கேட்டு எழுதறேளாமே. அது எல்லாம் நீல மை. அவளுக்கு உங்க மேல கோபமில்லை ஓய், அரசி மேல சந்தேகம். அந்த அம்மா ஏன் பூட்டை மாத்தினான்னு அவளைச் சொல்லச் சொல்லுங்கோ."

பஸ்ஸில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நான் ஏன் மாற்றினேன் என்பது எனக்குத் தெரியும். அவள் ஏன் மாற்றினாள்? அச்சில் வந்துவிட்டது, மாற்றியது மாற்றியதுதான். அவளிடம் ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். சஞ்சலம் என்று அமைச்சரிடம் அவள் ஏன் பொய் சொன்னாள்? ஊர் வந்து இறங்குவதற்குள் தெரிந்துவிட்டது.

(சிவப்பு மை)
"அமுதா, எங்கே போயிருந்தாய் இத்தனை நாள்? காய்ச்சலா? சரி, கதவைச் சாத்து. ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. வடக்கு வாசல் சாவியைத் தொலைத்துவிட்டேன். குளத்துப் படியில் முகம் கழுவக் குனிந்தபோது இடுப்பிலிருந்து நழுவியது. விழுந்த சத்தம் கேட்டது. காலடியில்தான் கிடந்திருக்கும். உட்கார்ந்து படியெல்லாம் துழாவினேன். கிடைக்கவில்லை. ஒரு காவலனைக் கூப்பிட்டால், 'இதோ கிடக்கிறதே தாயே' என்று எடுத்துக் கொடுப்பான். அவன் மனைவிக்குச் சொல்வான். பொழுது சாய்வதற்குள் கோட்டைக்கே என் கண் தெரிந்துவிடும். அதனால் கொல்லனைக் கூப்பிட்டுப் பூட்டையே மாற்றச் சொன்னேன். அமைச்சரிடம் மனம் சரியில்லை என்றேன்.

புதுச் சாவி இதோ. இதையும் ஒருநாள் தொலைக்கத்தான் போகிறேன். நீ வைத்துக்கொள். கையை நீட்டு, எங்கே இருக்கிறது உன் கை?"

(நீல மை)
பலராமனுக்கும் ஒரு படி அனுப்பிவிட்டேன். இனித் திரும்ப வாங்க முடியாது. ஒரே ஒரு வேண்டுகோள். நீல மையில் என் மேல் இரக்கம் வந்தால் அதை நீலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கரிமுகன் கரிமுகனாகவே இருக்கட்டும்.

கோதண்டராமன்


திருவண்ணாமலை
21-2-1984

அன்புள்ள கோதண்டராமன்,

சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். கரிமுகனைச் சொல்கிறேன். நானும்தான்.

உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, குளத்துப் படியில் அவள் துழாவியதைப் படித்தபோது என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "பாவம்டி, கூப்பிட்டிருக்கலாமே யாரையாவது" என்றார். பூட்டை மாற்றியவள் அரசிதான் என்று அந்த நிமிஷம் ஒத்துக்கொண்டேன். நீங்கள் தப்பு செய்த இடத்தில் அவள் சரியாக வந்து நின்றுவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமை.

இரண்டாவது, அவன் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டான் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எழுதியும் பார்த்தேன். படித்தால் பொய்யாக இருந்தது. சிறையில் பதிமூன்று பேர். அதில் இரண்டு பேர் அவனை நம்பி வந்து மாட்டியவர்கள்.

(சிவப்பு மை)
அமாவாசை. இடி. கரிமுகன் காதைப் பொத்திக்கொண்டு வடக்கு வாசலுக்குப் போனான், சாவி போடுவதற்கு மட்டும் ஒரு கையை எடுத்தான். வாசல் திறந்தது. பதிமூன்று பேரும் வெளியே வந்தார்கள். வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். யாரோ வைக்கோல் போரில் நெருப்பு வைத்தார்கள். "வாடா போலாம், முடிஞ்சுது" என்று கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். "கழுதைகளா, போங்கடா, வரேன்" என்றான்.

படி ஏறி அரசியின் அறைக்குப் போனான்.

"அமுதா, புகை வாசனை வருகிறதே."
"ஆமாம் தாயே. என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்."
"யார் வந்தது?"
அவளிடம் எத்தனையோ பொய் சொன்னவன். இதற்கு மட்டும் பொய் வரவில்லை. இடி அவனுக்காகப் பதில் சொன்னது. அவன் நடுங்கினான்.
"பயப்படாதே," என்றாள் அரசி. "நான் இருக்கிறேன்."
கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் இறங்கினார்கள்.

(நீல மை)
வாசலுக்கு ஒன்று, நெருப்புக்கு ஒன்று, சோழி இரண்டு தடவையும் கரிமுகன் பக்கம் விழுந்தது. கோட்டை எரிந்துவிட்டது. எனக்கு வருத்தம்தான், என்ன செய்வது.

அடுத்த நாள் பலராமன் சார் இதழுக்கான தாள்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னாமா இது? கோட்டை போச்சு. அரசி அவுட்டு. விதி எழுதுனவனே நான். கோதண்டராமனுக்கு வழியனுப்பு எழுதி ஸ்டென்சில்கூட வெட்டிட்டேன்."

"சார், அரசியோட கை இப்ப யார் கையில இருக்கு?"

"கரிமுகன் கையில."

"கரிமுகனை நடத்தறது யாரு?"

"நீங்கதான்."

"அவன் விடமாட்டான் சார்."

"விட்டுத்தான் ஆகணும்மா. கோட்டை இல்லாதவளுக்குக் கதையில நிக்க இடமில்ல, அதான விதி? இருங்க, வேணும்னா சோழி போடறேன்."

"சந்தேகம் இருக்கற இடத்துலதானே சோழி? இதுல என்ன சந்தேகம்? அவனை நம்பிச் சாவியைக் கொடுத்தவளை நெருப்புல விட்டுட்டு வந்தான்னு நான் எழுதணுமா? எழுதினா நீங்க அச்சடிப்பேளா?"

அவர் காபியைக் குடித்தார். இன்னும் கொஞ்சம் குடித்தார். என் கணவர் உள்ளேயிருந்து, "அதை விடுங்கோ, அவளை எங்கே அழைச்சுண்டு போறான்?" என்றார். பலராமன் சார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நிக்க இடம் ஒருத்தன் குடுத்தா இருக்கலாம்னு வெச்சிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கோட்டையும் இல்லாம கண்ணும் இல்லாம அந்தம்மாவை வெச்சிக்கினு கோதண்டராமன் இன்னா பண்ணுவான்?"

அது அவர் கவலை என்றேன். அவர் என்றது உங்களைத்தான்.

அரசி இப்போது இருக்கும் இடம் இதுதான். மலைக்குள் அருவிக்குப் பின்னால் கொள்ளைக்காரர்களின் குகை. ஆட்கள் நிறைய, ஒழுங்கு கம்மி. ஒரு கரடி உண்டு, அது யார் சொன்னாலும் கேட்காது. அரசியிடம் கரிமுகன், இது தன் அண்ணன்மார்கள் வீடு என்று சொல்லியிருக்கிறான். ஊரெல்லாம் கோட்டையை எரித்தவன் கரிமுகன் என்று பேச்சு. அது அவள் காதுக்கும் வந்துவிட்டது. அமுதன் யார் என்பது மட்டும் வரவில்லை.

உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. பார்த்து நடத்துங்கள்.

திரிபுரசுந்தரி


குந்தக்கல்
7-3-1984

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைச் சரக்குக் கொட்டகையில் நின்றபடியே படித்தேன். வேணு வந்து, "இன்னா சார், புரமோஷனா?" என்றான். கோட்டை எரிஞ்சு போச்சுப்பா என்றேன். கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

உங்களுக்கு நன்றி சொல்ல நான்கு வரி எழுதினேன். நீலத்தில் அது சரியாக வரவில்லை. அரசியிடம் கொடுத்துவிட்டேன்.

(சிவப்பு மை)
"அமுதா, இங்கே வா. உன் அண்ணன்மார்கள் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

இவர்கள் குளித்து எத்தனை நாளாகிறது? இன்று காலை எல்லோரையும் அருவிக்கு அனுப்பினேன். ஒருவன் முணுமுணுத்தான். யார் என்று கேட்டேன், எல்லோரும் இன்னொருவனைச் சொன்னார்கள். அதனால் எல்லோரையும் இரண்டாம் தடவை அனுப்பினேன். சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி. சமைக்கிறவனிடம் சொல்லிவிட்டேன், பாவம், இதுவரை யாரும் அவனிடம் சொல்லவே இல்லையாம், அழுதுவிட்டான்.

வீட்டில் வளர்க்கும் நாய் நல்ல பெரிய ஜாதி. கொஞ்சம் நாற்றம். மூக்கில் ஒரு தட்டுத் தட்டி உட்கார் என்றேன், உட்கார்ந்தது. உன் அண்ணன்மார்கள் ஏன் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்?

நெருப்புக்குள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அதற்கு நான் என்ன கொடுப்பது? என்னிடம் இப்போது ஒன்றும் இல்லை. ஒரு யோசனை மட்டும் இருக்கிறது.

இரவெல்லாம் இவர்கள் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தமே இல்லை. சுவர் ஏறத் தெரிந்தவர்கள், இருட்டில் பழகியவர்கள். விவசாயக் குடும்பம் என்று நீ சொன்னாய், எனக்கு நம்பிக்கையில்லை. பழைய போர்வீரர்களாக இருக்க வேண்டும். அடக்கத்தால் மறைக்கிறார்கள்.

நாளை காலையிலிருந்து பயிற்சி தொடங்குகிறது. முதல் வரிசையில் நீ நிற்க வேண்டும். இவர்களை வைத்துக்கொண்டு ஒரே வருஷத்தில் அந்தக் கரிமுகனைப் பிடித்துவிடலாம்."

கோதண்டராமன்